ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவில்

சென்ற ஆண்டு பிப்ரவரியில், ஒஹையோ மாநிலத்தில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனையின் நான்காம் மாடியில், பக்கவாதம் வந்து ஐந்து நாளான ஒரு முதியவர் படுத்திருந்தார். வயது 71. நாற்பது ஆண்டுகள் தச்சு வேலை செய்தவர். வலது கையும் வலது காலும் வலுவிழந்திருந்தன. பேச்சு குழறினாலும், சொல்ல நினைத்ததைச் சொல்லிவிடுவார். நரம்பியல் மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், நான் என்று மூவரும் தனித்தனியாகப் பார்த்து ஒரே முடிவுக்கு வந்திருந்தோம்: அவரை மறுவாழ்வு மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அங்கே நாளுக்கு மூன்று மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள் பயிற்சி கொடுப்பார்கள். இழந்ததை மூளை திரும்பக் கற்றுக்கொள்ளும் வேகம் முதல் சில வாரங்களில்தான் அதிகம் என்பதால், அந்த நாட்களை வீணாக்கக் கூடாது.

அவருடைய காப்பீட்டு நிறுவனம் அனுமதி மறுத்துவிட்டது. முதியோர் பராமரிப்பு இல்லத்தில் கிடைக்கும் பயிற்சியே போதும் என்று எழுதியிருந்தார்கள். காலை ரவுண்ட்ஸின்போது காப்பீட்டு அனுமதிகளைக் கவனிக்கும் எங்கள் கேஸ் மேனேஜரிடமிருந்து செய்தி வந்தது: நிறுவனத்தின் மருத்துவரோடு நான் நேரடியாகப் பேசலாம், ஆனால் மதியம் ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவில்தான் பேச வேண்டும், அந்த நேரம் தவறினால் மறுப்பு அப்படியே நிலைத்துவிடும். இதற்கு இங்கே 'பியர் டு பியர்' என்று பெயர். சமமானவர்கள் இருவர் பேசிக்கொள்வது என்று பொருள்.

ஒரு மணிக்குக் கூப்பிட்டேன். நோயாளியின் உறுப்பினர் எண், என் உரிம எண், திரும்ப அழைக்க வேண்டிய எண் எல்லாவற்றையும் சொல்லி முடித்தபின் காத்திருக்கச் சொன்னார்கள். நர்ஸ்கள் உட்காரும் மேசையோரமாக நின்றபடி, அலைபேசியை ஸ்பீக்கரில் வைத்து, அந்த இசையைக் கேட்டுக்கொண்டே இரண்டு நோயாளிகளின் குறிப்புகளை எழுதினேன். 34 நிமிடம் கழித்து ஒரு மருத்துவர் வந்தார். பணிவாகப் பேசினார். அவருடைய துறை எது என்று கேட்டேன். எலும்பு அறுவை சிகிச்சை, இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன் என்றார். மூன்று மணி நேரப் பயிற்சியை நோயாளி தாங்குவார் என்பதற்குச் சான்று போதவில்லை என்பது அவருடைய குறிப்பு. முந்தைய நாள் நோயாளி நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்ததையும், ஒருவர் தாங்கிப் பிடிக்க எழுந்து நின்றதையும், "மறுபடி ஒருமுறை" என்று அவரே கேட்டு நின்றதையும் நான் சொன்னேன். எதிர்முனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "டாக்டர், உங்கள் இடத்தில் இருந்திருந்தால் நானும் இதையேதான் கேட்டிருப்பேன். ஆனால் என் முன்னால் இருக்கும் விதி இதற்கு இடம் கொடுக்கவில்லை" என்றார். பேச்சு ஏழு நிமிடத்தில் முடிந்தது.

நோயாளியின் அறைக்குப் போய் அவருடைய மனைவியிடம் சொன்னேன். அந்த அம்மாள் கோபப்படவில்லை. மேல்முறையீட்டைப் பற்றி நான் விளக்கி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, உண்மையிலேயே புரியாதவராக ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஆனால் டாக்டர் நீங்கள்தானே?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் இருந்த பதில்களை அன்றிலிருந்து மனதுக்குள் அடுக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இக்கட்டுரை அதிலிருந்துதான் வருகிறது.

அந்த மறுப்புக்குப் பின்னால் இருக்கும் மேனேஜ்டு கேர் என்ற ஏற்பாட்டின் சாரம் எளிது. சிகிச்சைக்குப் பணம் கொடுப்பவர், எந்த மருத்துவரிடம் போகலாம், எந்தச் சோதனைக்கு முன்அனுமதி வேண்டும், எந்த மருந்தை முதலில் கொடுத்துப் பார்க்க வேண்டும், மருத்துவமனையில் எத்தனை நாள் இருக்கலாம் என்பதையெல்லாம் வரையறுத்து, செலவைக் கட்டுக்குள் வைப்பது. இது தொடக்கத்திலேயே கெட்ட எண்ணத்தோடு பிறந்த ஏற்பாடு என்று என் சக மருத்துவர்கள் பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 1933இல் சிட்னி கார்ஃபீல்ட் என்ற இளம் அறுவை மருத்துவர், கொலராடோ ஆற்று நீரைத் தென் கலிபோர்னியாவுக்குக் கொண்டுவரும் கால்வாயை வெட்டிய தொழிலாளர்களுக்காக மொஹாவி பாலைவனத்தில் ஒரு சிறு மருத்துவமனை கட்டினார். சிகிச்சைக்குப் பிறகு பில் அனுப்பிப் பணம் வசூலிக்க முடியாமல் நொடித்துப்போகும் நிலைக்கு வந்தபோது, தொழிலாளி ஒருவருக்கு நாளுக்கு ஐந்து சென்ட் என்று முன்கூட்டியே பணம் பெறும் ஏற்பாடு அவரைக் காப்பாற்றியது. நோயாளி வந்தால் வருமானம் என்ற நிலை மாறி, நோயாளி வராமல் இருந்தால் நல்லது என்றானது. வேலையிடத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஆணிகளைத் தேடி அப்புறப்படுத்தும் அளவுக்கு அவருடைய அக்கறை மாறியது என்று சொல்வார்கள். தொழிலதிபர் ஹென்றி கைசர் அவரோடு சேர்ந்த பிறகு, கிராண்ட் கூலி அணைத் தொழிலாளர்களுக்கும், போர்க்காலத்தில் ரிச்மண்ட் கப்பல் கட்டும் தளத் தொழிலாளர்களுக்கும் அதே முறை பயன்பட்டது. 1945இல் பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்டது.

இந்த வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அதிகம் பேசப்படாத ஒரு சச்சரவு. யார் கையில் அதிகாரம் என்பது பற்றிக் கைசருக்கும் அவருடைய திட்டத்தின் மருத்துவர்களுக்கும் முற்றிப்போன தகராறைத் தீர்க்க 1955இல் டாஹோ ஏரிக்கரையில் இருதரப்பும் உட்கார்ந்து பேசின. மருத்துவக் குழு தனி அமைப்பாகவே இருக்கும், மருத்துவ முடிவுகள் அதன் கையில் இருக்கும், பணமும் மருத்துவமனைகளும் மற்றொரு கையில் இருக்கும் என்ற வழியில் அந்த உறவு நிலைபெற்றது. அந்தத் திட்டத்தில் வேலை செய்யும் என் நண்பர்களுக்கும் குறைகள் உண்டு, வேலைப் பளு உண்டு. ஆனால் ஸ்கேன் எடுக்கலாமா என்று முகம் தெரியாத ஒருவரிடம் தொலைபேசியில் மன்றாடும் நிலை அவர்களுக்குப் பெரும்பாலும் வருவதில்லை. கேள்வி கேட்பவர் இருந்தால், அவரும் அதே கட்டடத்தில் அதே நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவராக இருக்கிறார்.

மற்ற இடங்களில் வேறு மாதிரி நடந்தது. முன்பணம் பெற்றுச் சிகிச்சை தரும் இத்தகைய அமைப்புகளுக்காக 1973இல் அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட எச்.எம்.ஓ. சட்டம் இந்த முறைக்கு மத்திய அரசின் ஆதரவைக் கொடுத்தது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் லாப நோக்குள்ள காப்பீட்டு நிறுவனங்கள் அந்தச் சட்டகத்தை எடுத்துக்கொண்டன. மருத்துவர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட கட்டுப்பாடு, வெளியிலிருந்து ஒப்பந்த வடிவில் வந்தது. பிரசவித்த பெண்ணை மறுநாளே வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் பரவி, அதைத் தடுக்க 1996இல் நாடாளுமன்றமே தலையிட்டு, இயல்பான பிரசவத்துக்கு 48 மணி நேரம், சிசேரியனுக்கு 96 மணி நேரம் மருத்துவமனையில் இருப்பதற்குக் காப்பீடு பணம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் போட வேண்டியதாயிற்று. ஒரு தாய் எத்தனை மணி நேரம் படுக்கையில் இருக்கலாம் என்பதை அவளைப் பார்த்த மருத்துவர் தீர்மானிக்க முடியாமல், நாடாளுமன்றம் தீர்மானித்தது.

எங்கள் தரப்புத் தவறுகளையும் சொல்லியாக வேண்டும். 1973இல் ஜான் வென்பெர்க்கும் அவருடைய சக ஆய்வாளரும் வெர்மாண்ட் மாநிலத்தைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அக்கம்பக்கத்து ஊர்களிலேயே குழந்தைகளுக்கு டான்சில் அறுவை செய்யும் விகிதம் பல மடங்கு வேறுபட்டது. குழந்தைகளின் தொண்டை ஊருக்கு ஊர் மாறவில்லை, மருத்துவர்கள்தான் மாறினார்கள். அந்த நாட்களில் யாரும் எங்களை எதுவும் கேட்கவில்லை, நாங்கள் அதைத் தொழில் சுதந்திரம் என்று சொல்லிக்கொண்டோம். தொண்ணூறுகளில் மார்பகப் புற்றுநோய்க்கு மிக அதிக அளவில் கீமோதெரபி கொடுத்து எலும்பு மஜ்ஜை மாற்றும் சிகிச்சை பரவியபோது, அதற்குச் சான்று இல்லை என்று காப்பீட்டு நிறுவனங்கள் மறுத்தன. 1993இல் கலிபோர்னியாவில் ஒரு ஜூரி அப்படி மறுத்த நிறுவனத்துக்கு எதிராக 8.9 கோடி டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. 1999இல் ஆய்வு முடிவுகள் வந்தபோது, அந்தக் கொடுமையான சிகிச்சையால் பயனில்லை என்று தெரிந்தது. மருத்துவர் கேட்டதையெல்லாம் கொடுத்துவிடுவதுதான் நோயாளிக்கு நல்லது என்று, இதைப் படித்த பிறகு, என்னால் சொல்ல முடியாது.

ஆகவே என்னைக் கேள்வி கேட்கலாம். கேட்க வேண்டும். என் மனக்குறை வேறு இடத்தில் இருக்கிறது.

1977இல் கலிபோர்னியாவில் கால்களுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாயில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒரு பெண்ணை மேலும் எட்டு நாள் மருத்துவமனையில் வைத்திருக்க அவருடைய மருத்துவர் அனுமதி கேட்டார். அரசின் காப்பீட்டுத் திட்டம் நான்கு நாள் கொடுத்தது. நான்காம் நாள் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு அவருடைய காலை எடுக்க வேண்டியதாயிற்று. விக்லைன் வழக்கு என்று அறியப்படும் இதில் 1986இல் வந்த தீர்ப்பை என்னிடம் பயிற்சி பெறும் இளம் மருத்துவர்களான ரெசிடென்ட்கள் எல்லோரும் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். காப்பீட்டுத் திட்டம் பொறுப்பல்ல என்று நீதிமன்றம் சொன்னது. பணம் கொடுப்பவரின் வரம்புக்கு எதிர்ப்புத் தெரிவிக்காமல் பணிந்துபோகும் மருத்துவர், தன் நோயாளிக்கான இறுதிப் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்றும் சொன்னது. 2004இல் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், வேலை கொடுப்பவர் மூலம் வரும் காப்பீட்டில் சிகிச்சை மறுக்கப்பட்டவர்கள் மாநிலச் சட்டங்களின்கீழ் அந்த நிறுவனத்திடம் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட முடியாது என்று தீர்ப்பளித்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் என் நிலை விளங்கும். முடிவெடுப்பவர் நோயாளியைப் பார்த்ததில்லை, விளைவுக்கும் அவர் பொறுப்பில்லை. நோயாளியைப் பார்த்தவன் நான், முடிவு என்னுடையதில்லை, பொறுப்பு மட்டும் என்னுடையது.

மருத்துவர்களுக்கு வேலையில் மனநிறைவு குறைவதற்குச் சம்பளம்தான் காரணம் என்று வெளியிலிருப்பவர்கள் நினைப்பது எனக்குத் தெரியும். 1997 முதல் 2001 வரை அமெரிக்க மருத்துவர்களின் மனநிறைவு எப்படி மாறியது என்று பார்த்த ஓர் ஆய்வு 2003இல் ஜாமா என்ற மருத்துவ ஆய்விதழில் வந்தது. அதில் என் கண்ணைத் திறந்த செய்தி இது: மேனேஜ்டு கேர் நோயாளிகள் ஒரு மருத்துவரிடம் எவ்வளவு பேர் வருகிறார்கள் என்பதற்கும் அவருடைய மனநிறைவுக்கும் தொடர்பு குறைவாகவே இருந்தது. தொழில் சுதந்திரத்தோடும், தன் நோயாளிக்கு வேண்டிய சிகிச்சையைப் பெற்றுத்தர முடிகிறதா என்பதோடும்தான் தொடர்பு வலுவாக இருந்தது. இருபது ஆண்டு அனுபவத்தில் நான் உணர்ந்ததும் அதுதான். திட்டத்தின் பெயர் எதுவானாலும் எனக்குக் கவலையில்லை. இந்த மனிதருக்கு இது வேண்டும் என்று தெரிந்த பிறகு, அது கிடைக்கும்படி செய்ய முடிந்த நாளில் பதினான்கு மணி நேரம் வேலை பார்த்தாலும் வீட்டுக்கு நிம்மதியாகப் போகிறேன்.

எண்களையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க மருத்துவச் சங்கம் 2024இல் எடுத்த கணக்கெடுப்பின்படி, ஒரு மருத்துவருக்கு வாரத்தில் சராசரியாக 39 முன்அனுமதிக் கோரிக்கைகள். அவருக்கும் அவருடைய ஊழியர்களுக்கும் அதில் 13 மணி நேரம் போகிறது. முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிக்கேரைத் தனியார் வழியே கொடுக்கும் மெடிக்கேர் அட்வாண்டேஜ் நிறுவனங்கள் மறுத்த முன்அனுமதிகளை ஆராய்ந்த மத்திய சுகாதாரத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம், அவற்றில் 13 விழுக்காடு மெடிக்கேர் விதிப்படியே கொடுத்திருக்க வேண்டியவை என்று 2022இல் அறிக்கை கொடுத்தது, எம்.ஆர்.ஐ.யும், என் நோயாளிக்குக் கேட்டதைப் போன்ற மறுவாழ்வு மருத்துவமனைச் சேர்க்கையும் அதில் தனியாகக் குறிப்பிடப்பட்டிருந்தன. 2023இல் இத்தகைய நிறுவனங்கள் மறுத்தவற்றில் மேல்முறையீட்டுக்குப் போனவை 12 விழுக்காட்டுக்கும் குறைவு. போனவற்றில் 80 விழுக்காட்டுக்கு மேல் மறுப்பு முழுதாகவோ பகுதியாகவோ மாற்றப்பட்டது. கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்தும் மக்கள் ஏன் கேட்பதில்லை என்று தோன்றலாம். அந்தத் தச்சரின் குடும்பத்தைப் பார்த்தவர்களுக்குத் தோன்றாது. அவசர மேல்முறையீட்டுக்கு 72 மணி நேரம் வரை ஆகலாம், அன்று வெள்ளிக்கிழமை, மறுவாழ்வு மருத்துவமனையில் ஒதுக்கி வைத்திருந்த படுக்கை சனிக்கிழமை வேறொருவருக்குப் போய்விட்டது. திங்கட்கிழமை அந்த அம்மாள் பராமரிப்பு இல்லத்துக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார்.

நான் மதுரையில் படித்தவன். பெரியாஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜனாக இருந்த நாட்களில் எங்களுக்கு இல்லாதவை ஏராளம். ஒரே படுக்கையில் இருவர் படுத்திருப்பார்கள், தரையில் பாய் விரித்தவர்களும் இருப்பார்கள். விலையுயர்ந்த ஊசி மருந்து ஸ்டாக்கில் இருக்காது. அங்கே எனக்கு இருந்த சுதந்திரம் இங்கே இருப்பதைவிட அதிகம் என்று சொன்னால் அது பொய். ஆனால் அந்தப் பற்றாக்குறை எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. "மருந்து இல்லைம்மா, இருக்கிறதை வைத்துப் பார்ப்போம்" என்று எங்கள் சீஃப் சொல்லும்போது, அவரும் நோயாளியும் அந்த இல்லாமைக்கு முன்னால் ஒரே பக்கத்தில் நின்றார்கள். எதைத் தள்ளிப்போடலாம், யாருக்கு முதலில் என்பதை அவர் நோயாளியின் கட்டிலருகே நின்று, நோயாளியின் முகத்தைப் பார்த்து முடிவு செய்தார். இங்கே மருந்தும் இருக்கிறது, படுக்கையும் இருக்கிறது, பயிற்சியாளரும் இருக்கிறார். இவர்களுக்கும் நோயாளிக்கும் நடுவில் என்னை நிறுத்தி, இல்லை என்று சொல்லும் வேலையை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஊரில் அறுவை மருத்துவராக இருக்கும் என் வகுப்புத் தோழன், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் முன்அனுமதிக்காக ஸ்கேன் படங்களை அனுப்பிவிட்டுக் காத்திருப்பதைப் பற்றித் தொலைபேசியில் சொல்வான். ஏழைகள் லட்சக்கணக்கில் செலவாகும் அறுவை சிகிச்சையைப் பணம் கொடுக்காமல் பெறுகிறார்கள் என்பதால் அவனுக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. எனக்கும் அவன் சொல்வது சரியென்றே படுகிறது. காத்திருப்பு எதற்காக என்பது அவனுக்குத் தெரிகிறது.

2018இல் வெண்டி டீன், சைமன் டால்பட் என்ற இரு மருத்துவர்கள், மருத்துவர்களின் சோர்வை 'பர்ன் அவுட்' என்று அழைப்பது தவறு என்று எழுதினார்கள். போர்முனையிலிருந்து திரும்பிய வீரர்களைப் பற்றிப் பேசப் பயன்பட்ட 'மனசாட்சிக் காயம்' என்ற சொல்லை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். செய்ய வேண்டியது இன்னது என்று தெரிந்தும் அதைச் செய்ய முடியாமல் நாள்தோறும் நிற்பதால் வரும் காயம். எங்கள் மருத்துவமனையில் சோர்வைப் போக்க யோகா வகுப்பு வைத்தார்கள். நல்ல எண்ணத்தோடு வைத்தார்கள், நானும் இரண்டு முறை போனேன். ஆனால் உடல் களைப்புக்குக் கொடுக்கும் மருந்து இந்தக் காயத்துக்கு வேலை செய்யாது.

இவற்றையெல்லாம்விட என்னை வருத்துவது வெளியில் தெரியாத ஒரு மாற்றம். மறுப்பு வந்தால் சண்டை போடலாம். கேட்காமலே விட்டுவிட்டால் சண்டை போட எதுவும் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு நானே அதைச் செய்வதைக் கவனித்தேன். குறிப்பிட்ட நிறுவனத்தின் அட்டை வைத்திருப்பவர் என்று தெரிந்தால், எதை எழுதினால் தொலைபேசியில் நிற்க வேண்டியிருக்கும் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டு, இரண்டாவது நல்ல மருந்தை முதலாவதாக எழுதிவிடும். அதில் பல நேரம் கெடுதல் எதுவும் இல்லை. கெடுதல் உண்டா இல்லையா என்று நான் யோசிப்பதையே நிறுத்தியிருந்தேன். என் சுதந்திரத்தை யாரும் பிடுங்கவில்லை, நானே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்திருந்தேன்.

அந்தத் தச்சர் பராமரிப்பு இல்லத்துக்குப் போய் ஒரு வாரம் கழித்து, ரவுண்ட்ஸில் இரண்டாம் ஆண்டு ரெசிடென்ட் ஒரு நோயாளியைப் பற்றி விவரித்துக்கொண்டிருந்தாள். கூர்மையான பெண், படிப்பில் எதையும் விடாதவள். இடுப்பு எலும்பு முறிந்து அறுவை முடிந்த ஒரு பாட்டி. "இவருக்கு அடுத்து என்ன வேண்டும்?" என்று கேட்டேன். "மறுவாழ்வு மருத்துவமனை கிடைக்காது, டாக்டர். பராமரிப்பு இல்லம்தான் கொடுப்பார்கள்" என்றாள். நான் கேட்டது அதையல்ல என்றேன். அவள் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். என்ன வேண்டும் என்ற கேள்வியும் என்ன கிடைக்கும் என்ற கேள்வியும் அவளுக்கு ஒன்றாகவே ஆகிவிட்டிருந்தன. நான் இந்த நாட்டுக்கு வந்து அதைக் கற்றுக்கொள்ள எனக்குப் பத்து ஆண்டு ஆயிற்று. அவள் பதினெட்டு மாதத்தில் கற்றுக்கொண்டுவிட்டாள், அதைச் சொல்லிக்கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

அன்றிலிருந்து என் குழுவில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். டிஸ்சார்ஜ் குறிப்பில் இரண்டு வரிகள் தனித்தனியாக இருக்க வேண்டும். முதல் வரியில், நோயாளிக்கு என்ன தேவை என்று நாங்கள் தீர்மானித்தோம் என்பது. இரண்டாம் வரியில், எதற்கு அனுமதி கிடைத்தது என்பது. இரண்டும் வேறுபட்டால், யாரிடம், எந்தத் தேதியில், எவ்வளவு நேரம் பேசினோம் என்பதையும் எழுத வேண்டும். இதனால் மறுப்புகள் குறைந்துவிடவில்லை. குறிப்பு எழுத நோயாளி ஒருவருக்கு நான்கைந்து நிமிடம் கூடுதலாகிறது, ரெசிடென்ட்கள் முணுமுணுக்கிறார்கள்.

ஏப்ரல் மாதம் தச்சரை அவருடைய மனைவி பரிசோதனைக்கு அழைத்து வந்திருந்தார். கீழ்த்தளத்தில் லிஃப்ட்டுக்குப் பக்கத்தில், சக்கர நாற்காலியில் இருந்தார். பேச்சு நன்றாகத் தேறியிருந்தது. வலது கை மடியில் கிடந்தது. மறுவாழ்வு மருத்துவமனைக்குப் போயிருந்தால் நடந்து வந்திருப்பார் என்று நான் சொல்லமாட்டேன். பக்கவாதத்தில் அப்படி யாரும் உறுதி சொல்ல முடியாது. இடது கையால் எழுதப் பழகிக்கொண்டிருப்பதாகச் சொல்லி, சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். ஒரு நாற்காலியின் வரைபடம், அளவுகளோடு. கோடுகள் நடுங்கியிருந்தன, அளவுகள் எல்லாம் சரியாக இருந்தன என்றார். நான் லிஃப்ட்டை விட்டுவிட்டு அவரருகே உட்கார்ந்து, கால்களின் சாய்வு ஏன் அப்படி வைத்திருக்கிறார் என்று கேட்டேன். அவர் விளக்கத் தொடங்கினார்.